கழுத்துப் பட்டையின் நிறத்தை முடிவு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களில் மனிதவளம், பாதுகாப்பு, நிர்வாகம் ஆகிய பிரிவுகளைக் கவனிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அடையாள அட்டையை மாட்டித் தொங்கவிடும் கழுத்துப் பட்டை பற்றித்தான் இந்த மடல். நிரந்தர ஊழியருக்கு நீலம், ஒப்பந்த ஊழியருக்குச் சிவப்பு, பயிற்சியில் இருப்பவருக்குப் பச்சை, துப்புரவுப் பணியாளருக்குச் சாம்பல் என்று பிரித்துக் கொடுக்கிறீர்களே, அந்தப் பட்டை. நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிரிப்பது மட்டும் மாறுவதில்லை. இதை யாரும் பெரிய முடிவாக நினைத்து எடுத்திருக்க மாட்டீர்கள். அச்சடித்துத் தருபவர் நிற மாதிரிகளைக் கொண்டுவந்திருப்பார், யாரோ ஒருவர் "சரி, இவர்களுக்கு இது, அவர்களுக்கு அது" என்று சொல்லியிருப்பார், கூட்டம் முடிந்திருக்கும். கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. அதனால்தான் சண்டைக்குரலில் எழுதாமல், கொஞ்சம் நிதானமாக விளக்கி எழுதுகிறேன். நான் கேட்பது இதுதான்: ஒருவர் என்ன நிபந்தனையில் வேலைக்கு எடுக்கப்பட்டார் என்பதை அவர் உடம்பின்மேல் எழுதி வைக்காதீர்கள்.

ஒரே அளவு அட்டை, ஒரே நீளப் பட்டை, நிறம் மட்டும்தானே வேறு என்று கேட்பீர்கள். அந்த நிறம் கட்டடத்துக்குள் என்ன செய்கிறது என்பது உங்கள் அறையிலிருந்து தெரியாது. கூட்டத்தில் சிவப்புப் பட்டைக்காரர் ஒரு யோசனை சொன்னால் தலைகள் லேசாக ஆடும். அதையே கொஞ்ச நேரம் கழித்து நீலப் பட்டைக்காரர் சொன்னால் குறிப்பில் ஏறும். புதிதாக அறிமுகமாகிறவர் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அவர் பார்வை உங்கள் கழுத்துக்கு இறங்கி ஏறும். கைகொடுப்பதா, வெறும் தலையசைப்பா என்பது அதற்குள் முடிவாகிவிடும். லிஃப்ட் நெரிசலாக இருந்தால் சாம்பல் பட்டைக்காரர் யாரும் சொல்லாமலே வெளியே இறங்கிக்கொள்வார். யாருக்காவது பிறந்தநாள் என்று எல்லோரும் கூடும்போது, ஒப்பந்தக்காரர்களும் வரலாமா என்று அழைத்தவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அதனால் சரியாக அந்த நேரத்தில் அவர்களுக்கு ஏதோ அவசர வேலை வந்துவிடும்.

இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருக்கலாம். மிக மேலே இருப்பவர்கள் பட்டையே அணிவதில்லை. அட்டை சட்டைப் பையில் இருக்கும், இல்லையென்றால் காரிலேயே கிடக்கும். வாசலில் யாரும் அவர்களை நிறுத்துவதும் இல்லை. கட்டடத்துக்குள் யார் யார் என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்றால், அதில் பாதிதான் உண்மை. யார் என்று தெரிந்தாக வேண்டியவர்கள் கீழே இருப்பவர்கள் மட்டும்.

நான் இரண்டு நிறங்களையும் அணிந்தவன். ஒப்பந்தத்தில் சேர்ந்து, பிறகு அதே இடத்தில் நிரந்தரமானேன். நாற்காலி மாறவில்லை, கணினி மாறவில்லை, செய்துகொண்டிருந்த வேலையும் மாறவில்லை. ஆனால் வாசலில் பையைத் திறந்து காட்டச் சொல்வது நின்றது. நடைபாதையில் எதிரே வருபவர்கள் சிரித்தார்கள். கூட்டத்தில் நான் பேசத் தொடங்கிய வாக்கியத்தை நானே முடிக்க விட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். கூடவே ஓர் எரிச்சல். இவ்வளவு மரியாதையும் இவர்களிடம் முன்பே இருப்பில் இருந்திருக்கிறது, கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

"எங்கள் ஆட்கள் நிறம் பார்த்துப் பழகுபவர்கள் அல்ல" என்று சிலர் உடனே சொல்வீர்கள். அப்படி நினைப்பதில் தவறில்லை, எல்லோரும் தங்களைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறோம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் 2019 இறுதியில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முகங்களைக் காட்டி, இவர் எவ்வளவு திறமைசாலியாகத் தெரிகிறார் என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஒரே முகம், ஆனால் ஒரு முறை சற்று வசதியானவர் போடும் சட்டை போலத் தெரியும் மேலாடையுடன், இன்னொரு முறை சற்று எளிய மேலாடையுடன். வசதியான சட்டைக்கே கூடுதல் திறமை கிடைத்தது. படத்தை ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் காட்டினாலும் அதே கதை. உடையைப் பொருட்படுத்தாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகும் அந்தச் சாய்வு போகவில்லை. அந்தச் சட்டைகளுக்குள் இருந்த வித்தியாசமாவது நுட்பமானது. நீங்கள் கொடுத்திருப்பது நூறடி தூரத்திலிருந்து தெரிகிற சிவப்பு.

நிறத்தில் விஷம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் ரெபெக்கா பிக்லரும் சக ஆய்வாளர்களும் தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் செய்து 1997இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். கோடை வகுப்புக்கு வந்த குழந்தைகளுக்கு நீலம், மஞ்சள் என்று இரண்டு நிறச் சட்டைகள் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் அந்த நிறத்தைப் பயன்படுத்தினார்கள்: நீலச் சட்டைகள் இந்தப் பக்கம் உட்காருங்கள், மஞ்சள் சட்டைகள் வரிசையில் நில்லுங்கள் என்பது போல. வேறு சில வகுப்புகளில் சட்டைகள் இருந்தன, ஆனால் ஆசிரியர்கள் அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், நிறத்தைப் பயன்படுத்திய வகுப்புகளில் குழந்தைகள் தங்கள் நிறக் குழுவே மேல் என்று எண்ணத் தொடங்கியிருந்தார்கள். மற்ற வகுப்புகளில் அப்படி உருவாகவில்லை. ஆசிரியர்கள் எந்த நிறத்தையும் உயர்த்திப் பேசவில்லை, தாழ்த்திப் பேசவில்லை. பிரித்து நிற்க வைத்தார்கள், அவ்வளவுதான். அதிகாரத்தில் இருப்பவர் ஓர் அடையாளத்தைப் பயன்படுத்தும்போது, அது முக்கியமானது என்று அவர் அறிவித்துவிடுகிறார். பாக்கியை மற்றவர்கள் தாங்களே செய்துகொள்கிறார்கள். உங்கள் கட்டடத்தில் அந்த ஆசிரியர் நீங்கள்தான்.

சரி, உங்கள் தரப்புக் காரணங்களுக்கு வருகிறேன். அதிகம் சொல்லப்படுவது சட்டம். ஒப்பந்த ஊழியரை நிரந்தர ஊழியரைப் போலவே நடத்தினால், நாளை அவர் நீதிமன்றத்துக்குப் போய் "நானும் இந்த நிறுவனத்தின் ஊழியர்தான்" என்று வாதிடுவார். அதனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது சட்டப் பிரிவின் அறிவுரை. இதைச் சொல்பவர்கள் பலர் மைக்ரோசாஃப்ட் வழக்கைச் சுட்டுவார்கள். அந்த வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

1980களின் இறுதியில் மைக்ரோசாஃப்ட் பல மென்பொருள் சோதனையாளர்களையும் வேறு பணியாளர்களையும் 'சுயேச்சைப் பணியாளர்' என்ற பெயரில் வைத்திருந்தது. அவர்கள் நிரந்தர ஊழியர்களோடு ஒரே குழுவில், ஒரே மேலாளரின் கீழ், பெரும்பாலும் அதே வேலையைச் செய்தார்கள். வருமான வரித்துறை பார்த்துவிட்டு, இவர்கள் உண்மையில் ஊழியர்களே என்றது. 1992இல் வழக்கு வந்தது. நிறுவனம் இவர்களை வேறுபடுத்தியே வைத்திருந்தது என்பதை 1996ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பே பதிவு செய்கிறது: அடையாள அட்டையின் நிறம் வேறு, மின்னஞ்சல் முகவரியின் அமைப்பு வேறு, அலுவலக விழாக்களுக்கு அழைப்பு இல்லை. இத்தனை வித்தியாசமும் காட்டியும் கடைசியில் அது நிறுவனத்துக்குக் கைகொடுக்கவில்லை. 2000ஆம் ஆண்டு 9.7 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

அட்டையின் நிறம் அவர்களைக் காப்பாற்றவில்லை. வேலையை யார் சொல்லிச் செய்ய வைத்தார்கள், யார் மேற்பார்வை பார்த்தார்கள் என்பதுதான் எடுபட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2006இல் ஏற்ற தன் 198ஆம் பரிந்துரையில் இதையே சொல்கிறது. ஒப்பந்தத்தில் என்ன பெயர் சூட்டியிருந்தாலும், வேலை நடக்கும் விதம், ஊதியம் தரும் விதம் ஆகிய உண்மைகளை வைத்தே வேலை உறவைத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது அது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும், தெரியும். ஆனாலும் மைக்ரோசாஃப்ட் வழக்கிலிருந்து நிறுவனங்கள் கற்றுக்கொண்டது விசித்திரமாக இருக்கிறது. ஒரே வேலையைச் செய்பவருக்கு ஒரே சலுகை கொடுக்க வேண்டும் என்பதைக் கற்றிருக்கலாம். பல நிறுவனங்கள் கற்றதோ, வித்தியாசத்தை இன்னும் அழுத்தமாகக் காட்ட வேண்டும் என்பதை.

அடுத்த காரணம் பாதுகாப்பு. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கதவைத் திறப்பது அட்டைக்குள் இருக்கும் சில்லு. எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பது கணினியில் இருக்கிறது. பட்டையின் நிறம் அந்தக் கணினிக்குத் தெரியாது. வெளியாள் ஒருவர் உள்ளே வந்துவிட்டால் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் படமும் பெயரும் உள்ள அட்டை எல்லோர் கழுத்திலும் இருக்க வேண்டும், மேல்தளத்துக்காரர்கள் உட்பட. பார்வையாளருக்கு வேறு நிறம் கொடுங்கள், எனக்கு மறுப்பே இல்லை. அவருக்கு வழி தெரியாது, கூட ஓர் ஆள் வர வேண்டும், தீ விபத்து நேர்ந்தால் அவரை யாராவது அழைத்துப் போக வேண்டும். ஆண்டுக்கணக்கில் அதே மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் எது பொருந்தும்?

இதெல்லாம் இன்று நேற்று தோன்றிய பழக்கம் இல்லை. பண்டைய ரோமில் செனட் உறுப்பினரின் உள்ளங்கியில் அகலமான ஊதாக் கோடு இருக்கும்; அதற்கு அடுத்த வகுப்பினருக்குக் குறுகிய கோடு, கூடவே தங்க மோதிரம். அடிமைகளுக்கு மட்டும் தனியான உடை கிடையாது. அவர்களுக்கும் ஓர் அடையாள உடை வேண்டும் என்று ஒருமுறை செனட் சபையில் யோசனை வந்ததாகவும், அப்படிச் செய்தால் அடிமைகள் நம்மை எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்களே என்ற ஆபத்து அப்போதுதான் உறைத்ததாகவும் ரோமானியத் தத்துவஞானி செனெக்கா எழுதியிருக்கிறார். நம் காலத்தில் அந்தக் கணக்கை நியூயார்க் டைம்ஸ் எடுத்தது. 2019 மார்ச்சில் கூகுளில் முழுநேர ஊழியர்கள் சுமார் 1,02,000 பேர். ஒப்பந்த, தற்காலிகப் பணியாளர்கள் சுமார் 1,21,000 பேர். அங்கே அவர்களுக்குச் சிவப்பு அட்டை. ரோமானியர்கள் உங்களைவிட முன்யோசனைக்காரர்கள் என்று தோன்றுகிறது.

ஆனால் உங்களுக்கு மிக நெருக்கமான முன்னோடி ரோம் இல்லை, 1697ஆம் ஆண்டின் இங்கிலாந்து. ஏழைகளுக்கு அந்தந்த ஊர்த் திருச்சபை வட்டாரம் உதவித்தொகை கொடுத்துவந்தது. அந்த ஆண்டு வந்த சட்டம், உதவி பெறும் ஒவ்வொருவரும், மனைவி மக்கள் உட்பட, மேலாடையின் வலது தோள்பட்டையில் ஒரு பெரிய எழுத்தை அணிய வேண்டும் என்றது. சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டிய எழுத்து; கூடவே அந்த வட்டாரப் பெயரின் முதலெழுத்து. அணிய மறுத்தால் உதவியைக் குறைக்கலாம், நிறுத்தலாம், சவுக்கடியோடு கடின வேலைக்கும் அனுப்பலாம். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கொடூரர்களாகத் தங்களை எண்ணியிருக்க மாட்டார்கள். உண்மையில் இயலாதவருக்குப் போக வேண்டிய பணம் சோம்பேறிக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் அவர்கள் சொன்ன நோக்கம். நிர்வாக நோக்கம். எல்லாம் ஒழுங்காகக் கணக்கில் வர வேண்டும் என்ற அக்கறை. பல ஊர்களில் அதிகாரிகளே அதைச் செயல்படுத்தாமல் விட்டும், அந்தச் சட்டம் ஏட்டிலிருந்து போக 1810 ஆகிவிட்டது.

பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். 2016 ஜனவரியில் வேல்ஸின் கார்டிஃப் நகரில், அடைக்கலம் கேட்டு வந்தவர்கள் உணவு வாங்கப் பளிச்சென்ற சிவப்புக் கைப்பட்டை அணிய வேண்டும் என்று அவர்களைத் தங்கவைத்த ஒப்பந்த நிறுவனம் ஏற்பாடு செய்திருந்தது. யாருக்குச் சாப்பாடு உண்டு என்று சமையலறைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் காரணம். பட்டையோடு தெருவில் நடந்தவர்கள், காரில் போவோர் தங்களைப் பார்த்துக் கத்தியதாகச் சொன்னார்கள். செய்தி வெளியானதும் கைப்பட்டை கைவிடப்பட்டது. அதாவது அது இல்லாமலும் சாப்பாடு போட முடிந்தது. அதே மாதம் மிடில்ஸ்பரோ நகரில் இன்னொரு செய்தி: அடைக்கலம் கேட்டவர்களுக்கு ஒதுக்கிய வீடுகளில் பெரும்பாலானவற்றின் கதவுகள் சிவப்பு. வீடுகளைக் கொடுத்த நிறுவனத்தார் வேண்டுமென்றே செய்யவில்லை என்று மறுத்தார்கள். மறுத்தவர்களே வேறு நிறம் அடிக்கவும் ஒப்புக்கொண்டார்கள். கதவின் மேல் முட்டை வீசியவர்களுக்கு அந்த நோக்கம் பற்றியெல்லாம் கவலை இருந்திருக்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் வசதியற்ற வீட்டுக் குழந்தைகளுக்குப் பள்ளியில் இலவசமாகவோ குறைந்த விலையிலோ மதிய உணவு கிடைக்கும். யார் இலவசம், யார் பணம் கட்டுபவர் என்பது பள்ளிக்குத் தெரிந்தாக வேண்டும். கணக்கு வைத்தாக வேண்டும். ஆனால் அங்கே சட்டம் ஒன்றைத் தெளிவாகத் தடுக்கிறது: அந்தக் குழந்தைகளைத் தனியே உட்கார வைக்கக் கூடாது, தனி டோக்கன், தனிச் சீட்டு கூடாது, பெயர்ப் பட்டியல் ஒட்டக் கூடாது. 1970இலேயே இந்தப் பாதுகாப்பு சட்டத்தில் ஏறிவிட்டது. எல்லாப் பள்ளிகளும் இதை ஒழுங்காகக் கடைப்பிடித்தன என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. கணக்குப் புத்தகத்துக்குத் தெரியலாம், பக்கத்தில் தட்டோடு நிற்கும் குழந்தைக்குத் தெரிய வேண்டாம். கணினி இல்லாத காலத்திலேயே இதை யோசிக்க முடிந்தது. உங்கள் மேசையில் இன்று சம்பளப் பட்டியல், ஒப்பந்தம் முடியும் தேதி, விடுப்புக் கணக்கு எல்லாம் ஒரு சொடுக்கில் வருகின்றன. இதற்கு மேல் கழுத்திலும் எதற்கு?

இனி நீங்கள் சொல்லக்கூடிய வாதங்களிலேயே வலுவானது. பட்டையை ஒரே நிறமாக்கினால் வித்தியாசம் மறைந்துவிடுமா? காலணி இருக்கிறது, கைக்கடிகாரம் இருக்கிறது, கைபேசி இருக்கிறது, பேசும் தொனி இருக்கிறது. ஆள் பாதி ஆடை பாதி என்று சும்மாவா சொன்னார்கள்?

மறையாது. ஒத்துக்கொள்கிறேன். ஓர் அடையாளத்தை எடுத்தால் மனிதர்கள் இன்னொன்றைக் கண்டுபிடிப்பார்கள் என்பதற்கு வரலாற்றில் பஞ்சமே இல்லை. ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மகமூத் 1829இல் தன் அதிகாரிகளுக்குத் தலைப்பாகைகளை ஒழித்துவிட்டு ஃபெஸ் தொப்பியைக் கட்டாயமாக்கினார். அதுவரை தலைப்பாகையைப் பார்த்தே ஒருவரின் பதவியையும் மதத்தையும் சொல்லிவிடலாம். எல்லோருக்கும் ஒரே தொப்பி என்றால் அந்தப் பேதம் போகும் என்பது எண்ணம். நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை, அந்தச் சிவப்புத் தொப்பியே பழைய ஆட்சியின் அடையாளமாகி, 1925இல் துருக்கிக் குடியரசு அதைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஊதா நிறத்தின் கதை இன்னும் வேடிக்கை. ஒரு காலத்தில் அது கடல் நத்தைகளிலிருந்து மட்டுமே கிடைத்தது. 1909இல் ஒரு வேதியியலாளர் 12,000 நத்தைகளைப் பிழிந்து 1.4 கிராம் சாயம் எடுத்தார் என்றால் பேரரசர்கள் அதை ஏன் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள் என்பது புரியும். 1856இல் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது மாணவர் மலேரியா மருந்து செய்யப் போய், தற்செயலாகச் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அப்புறம் யார் வேண்டுமானாலும் ஊதா உடுத்தலாம் என்றானது. உயர்ந்தவர்கள் ஊதாவை விட்டுவிட்டு வேறெதற்கோ போய்விட்டார்கள்.

ஆனால் நான் பேசுவது அந்த வகை அடையாளத்தை அல்ல. காசு கொடுத்து வாங்கும் கடிகாரம், விரும்பி அணியும் சங்கச் சின்னம், பிடித்த அணியின் சட்டை இவற்றையெல்லாம் மனிதர்கள் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். வேண்டாம் என்றால் கழற்றலாம். அதற்குள் வருகிற பெருமை, பொறாமை, போலி எல்லாம் அவர்கள் பாடு. நிறுவனம் மாட்டிவிடுவது வேறு. அதைக் கழற்றினால் வேலை போகும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வசதியான குழப்பம்.

அதிகாரத்தில் இருப்பவர்கள் உண்மையில் எதைக் காக்கிறார்கள் என்பதைத் தோள்சீலைப் போராட்டத்தைப் போல வெளிப்படையாகக் காட்டியது குறைவு. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859இல் அரசர் அனுமதி கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையும் போட்டார்: மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் உடுத்தக் கூடாது. துணி இருக்கலாம், பேதமும் இருக்க வேண்டும். அந்தக் கொடுமையையும் உங்கள் பட்டையையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். அளவில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஒப்பந்த ஊழியருக்கும் அதே அட்டை, அதே கதவு, அதே கேன்டீன் என்று எல்லாம் கொடுத்துவிட்டு, "நிறம் மட்டும் வேறாக இருக்கட்டும்" என்று ஒருவர் சொல்லும்போது, அந்த 'மட்டும்' எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கத் தோன்றுகிறது.

அடையாளமே வேண்டாம் என்பவனும் அல்ல நான். மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு எதிரே நிற்பவர் மருத்துவரா, செவிலியரா, ரத்தம் எடுக்க வந்தவரா என்று தெரிய வேண்டும். தீ பிடித்தால் யார் பின்னால் ஓடுவது என்று தெரிய வேண்டும். அதற்காக ஒருவர் பளிச்சென்ற மேலங்கி போட்டுக்கொண்டால் நல்லதுதான். சிட்னியில் ராப் ஹாக்கெட் என்ற மயக்க மருந்து நிபுணர் 2017 வாக்கில் தன் அறுவை அரங்குத் தொப்பியில் தன் பெயரையும் பணியையும் எழுதிக்கொண்டு போகத் தொடங்கினார். முகக்கவசமும் தொப்பியும் போட்டால் எல்லோரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். அவசரத்தில் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நொடிகள் வீணாகும். முதலில் சிலர் கேலி செய்தார்கள், பிறகு அந்தப் பழக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. அந்தத் தொப்பியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெயர், என்ன வேலை செய்கிறார். அவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள், ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பது இல்லை. கத்தி கையில் இருக்கும் இடத்திலேயே அது தேவைப்படவில்லை.

எனவே ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது, இதைப் படிக்கப் போகிறவர் யார், படித்துவிட்டு அவர் என்ன செய்யப் போகிறார் என்பதைத்தான். நோயாளி சரியான ஆளைக் கூப்பிடுவார் என்றால் வையுங்கள். ஒப்பந்தச் சிவப்பைப் பார்த்து ஒருவர் செய்யக்கூடிய பயனுள்ள காரியம் எது? நானும் நெடுநாள் யோசித்தேன். வருடாந்தரச் சுற்றுலாப் பட்டியலில் பெயர் சேர்க்காமல் விடுவது தவிர எதுவும் தோன்றவில்லை.

நிரந்தரப் பட்டை அணிந்த நண்பர்களுக்கு ஒரு வார்த்தை, இந்த மடல் உங்களுக்கு இல்லையென்றாலும். இந்த மாற்றத்தை எதிர்க்கும் குரல் பல நேரங்களில் மேலிருந்து வருவதில்லை, உங்களிடமிருந்துதான் வருகிறது. "நாங்கள் தேர்வெழுதி, நேர்காணல் தாண்டி வந்தோம், எங்களுக்கென்று ஒன்று இருக்கக் கூடாதா" என்பீர்கள். உங்களுக்கென்று வைப்பு நிதி இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, பதவி உயர்வு இருக்கிறது. அவை போதாமல் பக்கத்து மேசைக்காரர் கழுத்தில் சிவப்பும் வேண்டுமா?

பொறுப்பாளர்களிடம் என் கோரிக்கை பெரிய செலவு பிடிக்காது. கட்டடத்துக்குள் தினமும் வேலை செய்யும் எல்லோருக்கும் ஒரே நிறப் பட்டை கொடுங்கள். துப்புரவு செய்பவருக்கும், காவலருக்கும், நிர்வாக இயக்குநருக்கும். அட்டையில் பெயர் பெரிதாக, தூரத்திலிருந்து படிக்கும்படி இருக்கட்டும். கீழே செய்யும் வேலை இருக்கட்டும். அனுப்பிய நிறுவனத்தின் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்றால் அட்டையின் பின்பக்கம் போடுங்கள். இயக்குநரும் வாசலில் அட்டையைக் காட்டட்டும். சட்டப் பிரிவு மறுத்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு நிறத்தைக் கேட்கிறது என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்மொழியில் "சிக்கல் வரும்" என்று சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். தனி லிஃப்ட், தனிக் கழிப்பறை, தனிக் குவளை என்று வேறு ஏற்பாடுகளும் உங்கள் கட்டடத்தில் இருந்தால் அவற்றைப் பற்றி இன்னொரு மடல் எழுத வேண்டியிருக்கும், அது இவ்வளவு நிதானமாக இருக்காது.

ஏற்கெனவே அச்சடித்து வாங்கி வைத்திருக்கும் பட்டைகள் வீணாகுமே என்று கணக்குப் பிரிவு கேட்கும். வீணாக்க வேண்டாம். எல்லா நிறங்களையும் ஒரே பெட்டியில் கொட்டி வரவேற்பு மேசையில் வைத்துவிடுங்கள். யாருக்கு எந்த நிறம் பிடிக்கிறதோ எடுத்து மாட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
இரண்டு நிறப் பட்டைகளையும் அணிந்த ஓர் ஊழியர்